தண்ணி வடிஞ்ச பிறகு

தூத்துக்குடிக்காரங்களுக்கு மட்டும் புரியுற ஒரு வேடிக்கை உண்டு. எங்க ஊர்ப் பெரிய கோயிலில் இருப்பவர் பனிமய மாதா. ஆகஸ்ட் 5 திருவிழா அன்னைக்கு ஊர்ல பாதிப் பேர் பீச் ரோட்டில்தான் நிப்பாங்க. ரோமாபுரியில் கோடை உச்சத்தில், ஆகஸ்ட் மாதம், ஒரு குன்றின் மேல் பனி பெய்ததாம். அந்தக் கதையில் இருந்து வந்த பெயர். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில், வருஷத்தில் பத்து மாசம் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிட்டே இருக்கிற ஒரு ஊருக்குப் பனித்தாய்! இங்கே வெள்ளையா குவிஞ்சு கிடக்கிற ஒரே பொருள் உப்பு.

இதை ஏன் சொல்றேன்னா, கூடப் படித்த நண்பர் ஒருவர் இப்போ டொராண்டோவில் இருக்கார். ஒவ்வொரு குளிர்காலமும் பனிப்புயலுக்கு மறுநாள் தெருவில் இறங்கி நடந்துபோய் போட்டோ அனுப்புவார். கார்கள் எல்லாம் புதைஞ்சு, நடைபாதை எது ரோடு எதுன்னு தெரியாம, ஊரே சத்தமில்லாம கிடக்கும். "இதெல்லாம் உங்க ஊர்ல பாக்க முடியுமாடா?"ன்னு போன மாசம் கேட்டார்.

பதிலுக்கு 2023 டிசம்பர் 18 காலையில் எடுத்த ஒரு போட்டோவை அனுப்பினேன். ரோடு எங்கே, வாய்க்கால் எங்கே, யார் வீட்டு வாசல் எங்கேன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே மட்டமா மூடியிருக்கும். அவர் படத்தில் வெள்ளை. எங்க படத்தில் டீத்தண்ணி நிறம்.

அன்னைக்கு நடந்த நடையையும், அதுக்கப்புறம் ரெண்டு வாரம் தெருத்தெருவா நடந்ததையும் எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க, ஏன்னா இதில் பாதி உங்க காலைப் பற்றியது. (நோயாளிகள் யாரையும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கேன்.)

முதல்ல மழை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். குமரிக்கடல் பகுதியில் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சின்னு சொன்னாங்க. புயல்கூட இல்லை. அதனால அதுக்கு ஒரு பெயரும் கிடையாது. ரெண்டு வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் புயல் சென்னையை முக்கியிருந்தது. எங்க ஊர்க்காரங்க சென்னைக்குப் போன் போட்டு "பத்திரமா இருங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அளந்து பார்த்தா, 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. மழை குறைவான மாவட்டம் எங்களோடது. காயல்பட்டினத்தில் ஒரு வருஷத்துக்கு மேலான மழை ஒரே நாளில் கொட்டிடுச்சு. 95 சென்டிமீட்டர்னா எவ்வளவுன்னு பிடிபடலைன்னா உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பாருங்க. அதைவிட ஒரு சாண் உயரம். அவ்வளவு தண்ணி வானத்தில் இருந்து மட்டும்.

தூத்துக்குடி தட்டையான ஊர். ஊர்த் தண்ணி பக்கிள் ஓடை வழியா கடலுக்குப் போகணும். பழைய ரோட்டைச் சுரண்டாம அதுக்கு மேலேயே மறுபடி மறுபடி போட்டு, ரோடு உயர்ந்து வீடு பள்ளத்துக்குள்ள போன தெருக்கள் இங்கே நிறைய. இது போதாதுன்னு கோரம்பள்ளம் குளம் உடைஞ்சது. மழை குறைஞ்ச பிறகும் தண்ணி ஏறிக்கிட்டே இருந்த பகுதிகள் உண்டு. மழை விட்டுட்டுன்னு நம்பி, கட்டில் மேல் ஏத்தி வச்ச சாமானை இறக்கி வச்சவங்க ரெண்டாவது தடவை நனைஞ்சாங்க.

திங்கட்கிழமை காலை எனக்கு டியூட்டி. கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு பைக்கில் பத்து நிமிஷம். அன்னைக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு.

ஸ்டெத், மாற்றுத்துணி, போன் மூணையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தலையில் வச்சுக்கிட்டு இறங்கினேன். தெரு முனையில் ஐம்பது வயசுக்கு மேல மதிக்கத்தக்க ஒருத்தர், கையில் நீளமான கம்போட, தன் சொந்தக்காரங்க வீட்டைத் தேடி வந்திருந்தார். திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிக்கிறவர்.

(முத்துநகர்னு ரயிலுக்குப் பேர் இருக்கு, ஆனா இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதுக்கப்புறம் குளியாட்கள் இறங்குறது சங்குக்குத்தான். செவிப்பறை கிழிஞ்சு, காதில் சீழோட எங்க ஓ.பி.க்கு வரும்போதுதான் நான் இவங்களைப் பார்த்திருக்கேன். தண்ணியில் பார்த்தது அன்னைக்குத்தான்.)

"சார் ஆஸ்பத்திரிக்கா? அப்ப என் பின்னாலயே வாங்க. ஓரமா போகாதீய, ஓரத்துலதான் வாய்க்கா கெடக்கு. நடு ரோட்டப் பிடிங்க."

கடலுக்கடியில் வாழ்நாளைக் கழிச்ச ஒரு மனுஷன் தெருத்தண்ணியில் எப்படி நடக்கிறார்னு பார்த்துக்கிட்டே போனேன். ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி கம்பு தரையைத் தட்டும். காலைத் தூக்கி வைக்கவே மாட்டார், தரையோட தேய்ச்சு நகர்த்துவார். கீழே குழியோ கல்லோ இருந்தா கால் விரல் முதல்ல சொல்லிடும், உடம்பு பாரம் அதுக்கப்புறம்தான் அங்கே போகும். தண்ணி ஓர் இடத்தில் மட்டும் வட்டமா சுழிச்சா கையை நீட்டி என்னை நிறுத்தி, பத்தடி சுத்திக் கூட்டிட்டுப் போனார். அடியில் சாக்கடை மூடி திறந்து கிடக்கலாம். மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், இரும்பு கேட் எதையும் தொட விடலை. நான் ஒரு கடையோட ஷட்டரைப் பிடிக்கப் போனப்ப, "சார், இரும்பு!"ன்னு ஒரே அதட்டு. நனைஞ்ச தோலில் மின்சாரத்துக்குத் தடை ரொம்பக் குறைவுன்னு நான் பாடத்தில் படிச்சதை அவர் எங்கேயும் படிக்கலை.

ஓடுற தண்ணியா இருந்தா அரையடி உயரம் போதும், நல்ல திடகாத்திரமான ஆளையே சாய்ச்சிடும். ஒரு அடி ஓட்டத்தில் சின்னக் கார் மிதந்து நகர ஆரம்பிக்கும். "முட்டளவுதானே"ன்னு வண்டியை விடுறவங்க இந்த ரெண்டு அளவையும் மனசுல வச்சுக்கோங்க.

அந்த நடையில் எனக்கு விசித்திரமா பட்டது சத்தமின்மைதான். வண்டிச் சத்தம் இல்லை, மிக்சி இல்லை, டிவி இல்லை. மொட்டை மாடிகளில் மட்டும் ஆட்கள். எங்களைப் பார்த்ததும் கூப்பிடுவாங்க. "காப்பாத்துங்க"ன்னு கூப்பிட்டவங்க குறைவு. "பால் பவுடர் கிடைக்குமா", "அக்கா வீட்ல கரண்ட் இருக்கான்னு பாத்துட்டு வாறியளா". ஒரு மாடியில் இருந்து ஒரு ஆச்சி என் பையில் இருந்து எட்டிப் பார்த்த ஸ்டெத்தைப் பார்த்துட்டாங்க. உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து கைப்பிடிச் சுவருக்கு மேல தூக்கிக் காட்டினாங்க. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நாங்க எழுதிக் கொடுக்கிற அதே நோட்டு. மூணு பிளாஸ்டிக் கவருக்குள்ள.

"டாக்டரய்யா, மாத்திர நேத்தோட தீந்துட்டு. இன்னைக்கு வாங்க வரணும்னு இருந்தேன்."

இந்த ஒரு வரியை அடுத்த ரெண்டு வாரம் நான் எத்தனை பேர் வாயில் கேட்டேன்னு கணக்கே இல்லை.

ஆஸ்பத்திரிக்குள்ள அந்த ரெண்டு மூணு நாள் எப்படிப் போச்சுன்னு விரிவா எழுத வேண்டாம். கீழ்த்தளத்தில் இருந்து நோயாளிகளை மேல ஏத்தினது, ஜெனரேட்டர் டீசலுக்கு அலைஞ்சது எல்லாம் எந்த வெள்ளத்திலும் எந்த ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோட நின்னதும், ஏரல் பாலம் சேதமானதும் நீங்க டிவியில் பார்த்ததுதான்.

டிவியில் வராதது கேமராக்காரங்க ஊருக்குப் போன பிறகு ஆரம்பிச்சது.

தண்ணி வடிய ஆரம்பிச்சதும் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் முகாம் போட்டோம். காலையில் முகாம், சாயங்காலம் வீடு வீடா நடை. பிரையண்ட் நகர், முத்தம்மாள் காலனி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டின்னு ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தண்ணிக்குள்ள நடந்ததைவிட அந்தச் சகதியில் நடந்ததுதான் கஷ்டம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மலை: நனைஞ்ச மெத்தை, பிளைவுட் பீரோ, பிள்ளைகளோட புத்தகம், அரிசி மூட்டை. அரிசி ஊறிப் புளிச்ச அந்த நாத்தம் இப்பவும் மழை வந்தா மூக்கில் வரும். சுவரில் எல்லா வீட்டுக்கும் பொதுவா ஒரு கோடு, தண்ணி நின்ன அளவு. உப்பளப் பக்கம் போனப்ப அம்பாரமா குவிச்சு ஓலை போட்டு மூடி வச்சிருந்த உப்பு பல இடத்தில் காணோம். அத்தனை பேர் வெயிலில் நின்னு வாரினது தண்ணியோட தண்ணியா போயிருந்தது. நம்ம ஊரில் பனி உருகுறதுன்னா அதுதான் போல.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். அறுபது வயசு அண்ணாச்சி, முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை. சர்க்கரை பத்து வருஷமா. முகாமுக்கு வந்தது தனக்காக இல்லை, மனைவிக்குச் சளி மருந்து வாங்க. "உங்களுக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?"ன்னு கேட்டா, "எனக்கு ஒண்ணுமில்ல சார். நான் நல்லா இருக்கேன்."

"தண்ணிக்குள்ள நடந்தீங்களா?"

"நடக்காம? பேத்தியத் தோள்ல தூக்கிட்டு மெயின் ரோடு வர வந்தேன். செருப்பு ஓடையோட போச்சு."

"காலைக் காட்டுங்க."

கூச்சப்பட்டார். டாக்டர் காலைத் தொடுறதுல அந்தத் தலைமுறைக்கு எப்பவுமே ஒரு கூச்சம். நாற்காலியில் உட்கார வச்சு நானே தூக்கிப் பார்த்தேன். வலது பெருவிரலுக்குக் கீழே, சேறு அப்பின வெடிப்புக்குள்ள, ரெண்டு விரல் கடை நீளத்துக்கு ஒரு பாட்டில் சில்லு. அஞ்சு நாளா உள்ளேயே இருக்கு. அதோடதான் நடக்கிறார், அதோடதான் வீட்டுச் சேறை அள்ளியிருக்கார். சுத்தி நீலம் பாய்ஞ்சு, லேசா வாடை.

"வலிக்கலையா?"

"இல்லியே சார்."

அதுதான் பிரச்சினை. பல வருஷமா கட்டுப்படாத சர்க்கரை காலோட நரம்பை மெல்ல மெல்ல மரத்துப்போக வைக்கும். வலி ஒரு காவல்காரன். அவன் தூங்கிட்டா திருடன் வந்ததே தெரியாது. அதுவும் உப்பளத்துக் கால். உப்புத் தண்ணியில் நின்னு நின்னு ஏற்கனவே வெடிச்ச தோல். அவரை அன்னைக்கே அட்மிட் பண்ணினோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு. கால் தப்பிச்சது. இன்னும் ஒரு வாரம் "ஒண்ணுமில்ல"ன்னு இருந்திருந்தா முட்டிக்குக் கீழே எடுத்திருப்போம்.

அதனால நான் கேட்டுக்கிறது: உங்க வீட்டில் சர்க்கரை உள்ள அப்பா, அம்மா, மாமா யாராவது வெள்ளத்தண்ணியில் இறங்கியிருந்தா, வலிக்குதான்னு கேக்காதீங்க. அவங்களுக்குத் தெரியாது. நீங்களே காலைத் தூக்கிப் பாருங்க. சோப்புப் போட்டு நல்ல தண்ணியில் கழுவி, விரல் இடுக்கு எல்லாம் ஈரம் போகத் துடைச்சு, அடிப்பாதத்தைப் பாருங்க. தனியா இருக்கிறவங்க போன் கேமராவைக் காலுக்குக் கீழே வச்சு ஒரு படம் எடுத்துப் பாருங்க. சின்னக் கீறல் இருந்தாலும் வந்துடுங்க. அழுக்குக் காயத்துக்கு, கடைசியா டி.டி. ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடி போடணும். மஞ்சள்பொடி, டீத்தூள், பல்பொடி எதையும் காயத்தில் அப்பாதீங்க. நாங்க அதைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள உங்களுக்கும் எங்களுக்கும் போதும்போதும்னு ஆகிடும்.

மாத்திரை விஷயத்துக்கு வரேன். அந்த ஆச்சி மாதிரி ஆயிரக்கணக்கான வீடுகளில் மருந்து ஒண்ணு தீர்ந்திருந்தது, இல்லைன்னா தண்ணி கொண்டு போயிருந்தது. வெள்ளத்துல யாரும் முதல்ல மருந்து டப்பாவைத் தூக்குறதில்லை. பத்திரம், நகை, ரேஷன் கார்டு, அப்புறம் டிவி. ஆனா பத்திரம் நகல் வாங்கலாம். வலிப்பு மாத்திரையை மூணு நாள் விட்டா வலிப்பு வரும். இதயத்துக்கு ஸ்டென்ட் வச்சவர் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை விட்டா என்ன ஆகும்னு சொல்லவே பயமா இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் தன்னார்வலர்கள் அந்த வாரம் பண்ணினதை நான் நேரில் பார்த்தேன். சொந்த வீட்டுக்குள்ள சேறு கிடக்க, எந்தத் தெருவில் எந்த வீட்டில் யாருக்கு என்ன மாத்திரைன்னு மனப்பாடமா சொன்னாங்க. கம்ப்யூட்டரில் இருந்த பட்டியல் கரண்ட் இல்லாம செத்துக் கிடந்தப்ப அவங்க ஞாபகம்தான் எங்க ரெக்கார்டு.

நீங்க செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. மழைக்காலம் முன்னாடி உங்க மருந்துச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வெளியூர்ல இருக்கிற ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வைங்க. பத்து நாள் மாத்திரையை ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல வைங்க.

இன்சுலின் போடுறவங்க ஒரு தவறான நம்பிக்கையால் சிரமப்பட்டாங்க. "பிரிட்ஜ் ஓடலை டாக்டர், இன்சுலின் கெட்டிருக்கும், அதான் போடலை." கரண்ட் போன உடனே இன்சுலின் கெடாது. பயன்பாட்டில் இருக்கிற பாட்டில் வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் ஏறத்தாழ நாலு வாரம் தாங்கும். ஒரு மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டி வச்சு, அதில் கவரோட பாட்டிலை வச்சீங்கன்னா இன்னும் நல்லது. வெள்ளத்தண்ணியில் முங்கின பாட்டில்னா மட்டும் தூக்கிப் போட்டுடுங்க. சந்தேகம்னா வந்து கேளுங்க. தானா நிறுத்தாதீங்க.

டொராண்டோ நண்பர் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருந்தும். அங்கே பனிப்புயலுக்கு மறுநாள் காலை, வீட்டு வாசல் பனியை மண்வெட்டியால் அள்ளும்போது மாரடைப்பு வருவது எல்லா டாக்டருக்கும் தெரிஞ்ச கதை. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன், திடீர்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பாரம் தூக்குவார். கூடவே குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கும். படிச்சப்ப இது நமக்கு எதுக்குன்னு நினைச்சேன். பனிக்குப் பதிலா சேறைப் போட்டுப் பாருங்க. தண்ணி குடிச்ச இலவம்பஞ்சு மெத்தை என்ன கனம் கனக்கும்! ஐம்பத்தஞ்சு வயசுக் கடைக்காரர், ரெண்டு நாள் சரியா தூங்கலை, சாப்பிடலை, பிரஷர் மாத்திரை நாலு நாளா இல்லை, கடைச் சரக்கு மொத்தமும் போன கவலை வேற. பிரிட்ஜை ஒத்தையாளா நகர்த்துவார். நெஞ்சு அடைக்கும். "கேஸ்"னு சோடா குடிப்பார். வேர்த்துக் கொட்டிக்கிட்டே வந்து சேர்ந்தவங்களை அந்த வாரம் பார்த்தேன்.

நெஞ்சு பாரம், வேர்வை, இடது கையோ தாடையோ இழுக்குதுன்னா 108. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையமோ துணை சுகாதார நிலையமோ இருந்தா அங்கே ஓடுங்க. 2023 ஜூனில் இருந்து இதயம் காப்போம் திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் அங்கேயே வச்சிருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பினா, வழியில் போற நேரம் வீணாகாது.

பாம்பு பற்றி ஒரே வரி: சேறு அள்ளும்போது பீரோவுக்குப் பின்னாடியும் ஷூவுக்குள்ளேயும் கம்பால் தட்டிட்டுக் கை விடுங்க, கடிச்சா கட்டுப் போடாம, கீறாம, நேரா வாங்க.

இப்ப, நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணமான ஆளைப் பற்றி.

முப்பத்திரண்டு வயசு. மீனவர். வெள்ளம் வந்த அன்னைக்கு இவங்க பைபர் படகை மினி லாரியில் ஏத்தி ஊருக்குள்ள கொண்டு வந்து, தெருத்தெருவா தள்ளிக்கிட்டுப் போய் ஆட்களை ஏத்தினாங்க. பல தெருவில் எஞ்சின் போட முடியாது. அடியில் பைக்கும் கம்பியும் கிடக்கும். அதனால தண்ணிக்குள்ள இறங்கிக் கையால் தள்ளணும். மூணு நாள் நெஞ்சளவு, இடுப்பளவுத் தண்ணியில். கர்ப்பிணிகள், டயாலிசிஸ் பண்ற நோயாளி ஒருத்தர், எங்க ஸ்டாப் நர்ஸ் ரெண்டு பேர், எல்லாரையும் கொண்டு வந்து சேர்த்தது இவங்க படகு. கைக்காசு போட்டுத்தான் டீசல்.

நாலாவது நாள் முகாமுக்கு வந்தார். எலிக்காய்ச்சல் வராம இருக்க டாக்சிசைக்ளின் கொடுத்துக்கிட்டு இருந்தோம். அவருக்கு நீட்டினேன். சிரிச்சார்.

"எனக்கெதுக்கு சார்? கடத்தண்ணியிலயே கெடக்கறவன். ஆச்சிமாருக்குக் குடுங்க."

கடல் தண்ணி வேற, இது வேறன்னு சொன்னேன். எலிக்காய்ச்சல் கிருமி எலி, நாய், மாடு மூத்திரத்தில் வரும். உப்புக் கடலில் அது ரொம்ப நேரம் தாங்காது. மழைத்தண்ணியிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோட இருக்கும். காலில் சின்னக் கீறல், ஊறிப்போன தோல், கண், வாய் இது போதும் உள்ளே நுழைய. கேட்டுக்கிட்டார். மாத்திரையை வாங்கினார். வெளியே போய்ப் பக்கத்தில் நின்ன ஒரு பெரியவருக்குக் கொடுத்துட்டார். ஜன்னல் வழியா பார்த்துக் கூப்பிட்டு இன்னொண்ணு கொடுத்தேன். "வீட்டுல போய்ப் போட்டுக்கிடுதேன்"னார். போடலை. அது பிறகுதான் தெரிஞ்சது.

ஜனவரி முதல் வாரம் வார்டுக்கு வந்தார். மூணு நாள் காய்ச்சல், உடம்பு வலி. வெள்ளம் முடிஞ்சு பத்து நாளுக்கு மேல ஆச்சு, அதனால அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு அவருக்குத் தோணலை. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கார். கண் ரெண்டும் செக்கச்செவேல்னு, ஆனா பூளை இல்லை. கெண்டைக்காலைத் தொட்டதும் "யம்மா"ன்னு கத்தினார், அவ்வளவு பெரிய உடம்பு. கண்ணோரம் லேசா மஞ்சள். "மூத்திரம் போகுதா?"ன்னு கேட்டேன். நேத்துல இருந்து ஒரு தம்ளர்கூட இல்லை. கிரியாட்டினின் 5.8. சிறுநீரகம் நின்னுக்கிட்டு இருக்கு. போதாக்குறைக்கு அந்த வலி மாத்திரையும் அதே சிறுநீரகத்தைத்தான் அடிக்கும்.

நாலு தடவை டயாலிசிஸ். தான் படகில் தள்ளிக்கிட்டு வந்த டயாலிசிஸ் நோயாளிக்குப் பக்கத்துப் படுக்கையில் ஒரு நாள் இவரைப் போட்டிருந்தாங்க. அவர்தான் முதல்ல அடையாளம் கண்டார். ரெண்டு பேரும் என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் போனப்ப ரெண்டு பேரும் அழுது முடிச்சிருந்தாங்க.

பதினாறு நாள் கழிச்சு வீட்டுக்குப் போனார். சிறுநீரகம் முழுசா திரும்பிடுச்சு. இந்த நோயில் சரியான நேரத்தில் பிடிச்சா பெரும்பாலும் திரும்பும். எல்லாருக்கும் அந்த நேரம் அமையறதில்லை.

அதனால இதை உங்க தெருப் பசங்களுக்கு, படகு தள்ளினவங்களுக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போனவங்களுக்கு, தூய்மைப் பணியாளர்களுக்கு, ஈ.பி. லைன்மேன்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அதிகம் தண்ணியில் நின்னவங்க இவங்க, கடைசியில மாத்திரை வாங்கறதும் இவங்கதான். தண்ணியில் வேலை செய்யற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, ஒரு முழு தம்ளர் தண்ணியோட. போட்டதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் 8 வயசுக்குக் கீழ குழந்தைகளுக்கும் இது கிடையாது. டாக்டரைப் பார்த்துக் கேட்டு வாங்குங்க, அரசு முகாம்களில் இலவசம். கையில் வாங்கினா போதாது, முகாமிலேயே வாயில் போட்டுட்டுக் கிளம்புங்க. மாத்திரை போட்டாலும் முழுப் பாதுகாப்புன்னு இல்லை. வெள்ளத்தில் இறங்கி ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டாக்டர் கேக்கலைன்னாலும் நீங்களா சொல்லணும்: "நான் வெள்ளத்தண்ணியில் நின்னேன்." இந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பாதி டெஸ்டுக்குச் சமம்.

அடுத்த வருஷம், 2024 டிசம்பர்ல தாமிரபரணியில் மறுபடி வெள்ளம்னு செய்தி வந்த அன்னைக்குக் காலையில் அவர் போன் பண்ணினார். படகு ரெடியாம். "சார், அந்த வார மாத்திர எங்கன கிடைக்கும்? பதினோரு பேரு இருக்கோம்."

பேர், வயசு, ஏற்கனவே என்ன நோய் இருக்கு, எந்த மாத்திரை ஒத்துக்காது, எல்லாத்தையும் எழுதிக் கொண்டு வரச் சொன்னேன். பிள்ளையோட நோட்டில் இருந்து கிழிச்ச ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தார். பதினோரு பேரையும் கூட்டிட்டே வந்திருந்தார். கேன் தண்ணியும் அவரே கொண்டு வந்திருந்தார்.